நல்லூர் மூலஸ்தானத்தில் இருப்பது முருகனா, முருகனைக் குறிக்கும் வேலா?

கச்சான்கோது எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸில் மெய்யியல் படிக்கிறேன். இந்த முறை குறியியல் ஒரு பாடம். தொடக்கத்திலேயே ஓரிடத்தில் இறுகிப்போய் நிற்கிறேன்.

சார்ல்ஸ் சான்டர்ஸ் பேர்ஸ் (1839–1914) என்ற அமெரிக்க மெய்யியலாளர் குறிகளை மூன்றாகப் பிரிக்கிறார். பொருளைப் போலவே இருப்பதால் குறியாவது ஐகன்: உருவப்படம், வீட்டுப் பிளான் மாதிரி. பொருளோடு நேரடித் தொடுப்பு இருப்பதால் குறியாவது இன்டெக்ஸ்: நெருப்புக்குப் புகை, காலுக்குச் சுவடு. வழக்கத்தால் மட்டும் குறியாவது சிம்பல்: நாங்கள் பேசும் சொற்கள் எல்லாம் இதற்குள் வரும்.

சரி, யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இருக்கும் வேலை எதற்குள் போடுவது? அங்கே மூலஸ்தானத்தில் ஆறுமுகமும் இல்லை, மயிலும் இல்லை, வேல்தான். அது முருகனைப் போல இல்லை, ஆகவே ஐகன் இல்லை. சிம்பல் என்று எழுதிவிட்டு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முருகனுக்குப் பதிலாக வேல் எண்டு ஆர் சொன்னது? அதுதான் முருகன்" என்று சொல்லிவிட்டுப் பூக் கட்டப் போய்விட்டா.

என் சிக்கல் இதுதான். ஒன்றுக்குப் பதிலாக நிற்பதுதான் குறி என்று பாடத்தில் சொல்கிறார்கள். பதிலாக நிற்காமல் அதுவாகவே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது குறியா இல்லையா?


ஒடியல்கூழ் எழுதியது:

பிடிச்சு வைச்சால் பிள்ளையார், வழிச்சு எறிஞ்சால் சாணி. அவ்வளவுதான். இதுக்குப் போய் கம்பஸில் சீட் எடுத்திருக்கிறீர்.


பூவரசு எழுதியது:

கூழ் பகிடிக்குச் சொன்னாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். சாணியைப் பிடித்து அறுகம்புல்லைக் குத்தி வைக்கிறோம். தும்பிக்கையும் இல்லை, வயிறும் இல்லை. பூசை முடிந்ததும் கரைத்துவிடுகிறோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் சாணியில் மாறியது என்ன? பொருளாக ஒன்றும் மாறவில்லை. ஆனால் தெரியாமல் அதன் மேல் கால் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

பிள்ளை, பேர்ஸ் சொன்னதில் நீங்கள் எடுத்தது பாதிதான். மூன்று வகைகளுக்கு முன்பே அவர் குறியின் மூன்று உறுப்புகளைச் சொல்கிறார்: குறி, குறிக்கப்படும் பொருள், அந்தக் குறி பார்ப்பவரிடம் எழுப்பும் விளக்கம். கடைசி உறுப்புக்கு இன்டர்பிரிட்டன்ட் என்று பெயர் வைத்தார். அது ஆளல்ல, ஆளிடம் உண்டாகும் விளைவு. அதுவே அடுத்த குறியாக மாறி இன்னொரு விளக்கத்தை எழுப்பும், இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஒன்று, ஒருவருக்கு, ஏதோ ஒரு வகையில், இன்னொன்றைக் குறித்து நிற்க வேண்டும். இந்த 'ஏதோ ஒரு வகையில்' என்பதைத்தான் எல்லாரும் வாசிக்காமல் தாண்டிப் போகிறார்கள். எந்தக் குறியும் தன் பொருளை முழுதாகக் காட்டுவதில்லை.

இரண்டாவது, ஐகன், இன்டெக்ஸ், சிம்பல் மூன்றையும் தனித்தனிப் பெட்டியாகப் பார்க்க வேண்டாம். ஒரே குறிக்குள் மூன்றும் கலந்திருக்கும். ஐகனுக்குள்ளேயே படம், வரைபடம், உருவகம் என்று மூன்றைச் சொல்கிறார் பேர்ஸ். வேல் முருகனின் முகத்தைப் போல இல்லைதான். ஆனால் அகலம், ஆழம், கூர்மை மூன்றும் அறிவுக்கும் உண்டு, வேலுக்கும் உண்டு, அதனால்தான் அது ஞானசக்தி என்று எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த அளவில் அது உருவக ஐகன். ஏந்துபவனோடு ஆயுதத்துக்கு உள்ள தொடுப்பைப் பார்த்தால் இன்டெக்ஸ். கண்டவுடன் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு முருகன் நினைவுக்கு வருவது வழக்கத்தால், ஆகவே சிம்பல். மூன்றில் எது முந்தி நிற்கிறது என்பதுதான் கேள்வி.


தட்டிவான் எழுதியது:

பூவரசு ஐயா பேர்ஸின் கட்சி. நான் மற்றப் பக்கம் நிற்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஜெனீவாவில் இருந்த மொழியியலாளர் சசூர் (1857–1913) இதைவிடக் கறாரானவர். அவர் இறந்த பிறகு 1916இல் மாணவர் குறிப்புகளைத் தொகுத்து வெளிவந்த மொழியியல் பாடங்களில், குறி என்பது குறிப்பானும் (சொல்லின் ஒலிவடிவம்) குறிப்பீடும் (அது எழுப்பும் எண்ணம்) சேர்ந்தது, இரண்டுக்கும் இடையில் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்கிறார். இது எங்களுக்குப் புதிதல்ல. பெயர்களை இடுகுறி, காரணப்பெயர் என்று நன்னூல் பிரித்ததைப் பத்தாம் வகுப்பில் பாடமாக்கினோம். தொல்காப்பியர் இன்னும் பின்னுக்குப் போய் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் தெரியாது என்கிறார். இல்லை என்று சொல்லவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். சசூர் அளவுக்கு அவர் போகவில்லை.

வேலுக்கு வருவோம். நீதிக்குத் தராசைச் சின்னமாக வைக்கிறோமே, அந்த இடத்தில் ஒரு தேரை வைக்க முடியாது, ஆகவே சின்னம் முழுக்க இடுகுறி அல்ல என்று சசூரே சொல்கிறார். வேலை எடுத்துவிட்டு கதாயுதத்தை வைத்தால் நல்லூர் நல்லூராக இருக்குமா? அந்த இடத்துக்கு வேல்தான் பொருந்தும். ஆனால் பொருந்த வைப்பது சக்தி அல்ல. சூலம் சிவனுக்கு, சக்கரம் விஷ்ணுவுக்கு, வேல் முருகனுக்கு என்று பங்கு பிரித்த ஒரு முழு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குக்குள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பதால்தான் வேலுக்குப் பொருள். ஒழுங்கை எடுத்தால் அது இரும்பு.


திருநெறி எழுதியது:

இரும்பு என்று எழுதியதற்குக் கண்டனம். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

அம்மம்மா சொன்னதுதான் சைவ சித்தாந்தம். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், அதாவது கடைசிச் சூத்திரம், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழச் சொல்கிறது. அரனை நினைவூட்டும் பொருளாகத் தொழு என்று சொல்லவில்லை. மெய்கண்டார் அதற்குச் சொல்லும் விளக்கம் பாலும் தயிரும். இறைவன் எங்கும் இருக்கிறான், ஆனால் மற்ற இடங்களில் பாலில் நெய் போல் மறைந்து, இந்த இடங்களில் தயிரில் நெய் போல் விளங்கி நிற்கிறான். தயிர் நெய்க்குப் பதிலாக நிற்பதில்லை. கடைந்தால் அதிலிருந்தே வரும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூர்க் கோயிலோடு முரண்பட்ட காரணங்களில் ஒன்று, ஆகம முறைப்படி மூர்த்தம் வைக்காமல் வேலை மூலவராக வைத்ததுதான். ஒரு பக்கம் மிஷனரிமாரின் சிலை வணக்கக் கண்டனத்துக்குப் பதில் எழுதியவர் அவர். மறுபக்கம் எங்கள் ஆட்களிடமே எந்த உருவமும் போதும் என்று விட்டுவிடவில்லை. அவருக்குக் குறி சரியான அதிகாரத்தின் கீழ் அமைந்த குறியாக இருக்க வேண்டும். கோயில் வேலை மாற்றவில்லை. நாவலரைப் போற்றும் சனமும் வேலைக் கும்பிடுவதை விடவில்லை.


கச்சான்கோது எழுதியது:

திருநெறி ஐயா, நாவலர் விசயம் எனக்குத் தேவைப்பட்டது, நன்றி. ஆனால் தயிர் விளக்கத்தில் ஒரு கேள்வி. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருப்பணி நடந்தபோது பாலஸ்தாபனம் செய்தார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பக்கத்தில் தகரம் அடித்த ஒரு சின்னக் கொட்டிலில் வைத்துப் பூசை நடந்தது. அதற்குப் பிறகு மூலஸ்தானத்துக்குள் மேசன்மார் சீமெந்துப் பையோடு போய் வந்தார்கள். ஒருவர் தன் சேட்டைக் கழற்றி வாசல் நிலையில் கொழுவிவிட்டு, உள்ளே ரேடியோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள் அதே மேசன் வேட்டியோடு வெளியில் நின்று கும்பிட்டார்.

அதே கல், அதே மேசன். சக்தியைக் கழற்றி இன்னொரு இடத்தில் பூட்டலாம் என்றால், கல்லுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவு தயிர்–நெய் உறவு போல இல்லையே. கூழ் சொன்ன சாணி உறவு போல அல்லவா இருக்கிறது?


ஒடியல்கூழ் எழுதியது:

நன்றி. நன்றி. பிறகு ஆறுதலாக வருகிறேன்.


பூவரசு எழுதியது:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு விசயம் ஒன்றாகக் கிடக்கிறது.

முதலாவது, பாலஸ்தாபனம் ஒரு குறி–பொருள் உறவை நாள் நட்சத்திரம் பார்த்து அவிழ்த்து, பிறகு முடிந்து வைக்கிறது. சிம்பல் என்று பேர்ஸ் சொல்வது இதைத்தான்: அந்த உறவு நிற்பது ஒரு விதியில், ஒரு பழக்கத்தில். அந்த அளவில் கூழின் கட்சிக்கு ஒரு புள்ளி.

இரண்டாவது, அந்த மேசனுக்கு உள்ளே என்ன நடந்தது? ரேடியோவோடு வேலை செய்தவர் மறுநாள் கும்பிடுகிறார். அவர் நடிக்கவில்லை. பேர்ஸ் விளக்கத்தையும் மூன்றாகப் பிரிப்பார். உணர்வாக எழுவது ஒன்று, உடம்பை அசைப்பது ஒன்று, சிந்தனையாக நிற்பது ஒன்று. சிந்தனை கடைசியில் போய்ச் சேரும் இடம் பழக்கம். கும்பிடும் கை, கன்னத்தில் போடும் கை, எல்லாம் விளக்கங்களே. வேலுக்கு என்ன பொருள் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதுவது போதாது. அதன் முன்னால் அவ என்ன செய்கிறா என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. 'பதிலாக நிற்பது' என்ற வரைவிலக்கணமே ஒருபக்கச் சாய்வானது. புகை நெருப்புக்குப் பதிலாக நிற்கவில்லை. நெருப்போடு கூட நிற்கிறது. மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதற்கு அடுக்களையை உதாரணம் காட்டினார்கள் நியாய நூலார். புகை அங்கே 'ஏது', அதாவது நெருப்பை அறிய வைக்கும் அடையாளம், நெருப்போடு கூடவே இருப்பது. பதில் ஆள் அல்ல. அம்மம்மா மறுத்தது பதில் ஆளைத்தான். குறியை அவ மறுக்கவில்லை. நம்புகிறவருக்கு வேல் இன்டெக்ஸ் போல இயங்குகிறது, நம்பாதவருக்குச் சிம்பல் போல. கருவறையில் வேல் ஒன்றுதான்.


வல்லைவெளி எழுதியது:

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உடம்பை அசைக்கும் விளக்கம் என்றதும் எழுதத் தோன்றியது. நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன்.

அங்கே எங்கள் முழு வேலையும் குறிதான். சிவப்புப் பலகை, அதில் வெள்ளை மண்டையோடு, கீழே மூன்று மொழியில் எழுத்து. நிலத்தில் குற்றிகள்: சிவப்புப் பூசிய பக்கம் ஆபத்து, வெள்ளைப் பக்கம் துப்புரவாக்கிய நிலம். ஒரு குற்றி ஒரு முழம் விலகி நட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டையோடு ஐகனா என்று கேட்டால், அது மண்டையோட்டைப் போல இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது குறிப்பது மண்டையோட்டை அல்ல, ஆபத்தை. அந்தத் தாவலுக்குப் பழக்கம் வேண்டும். புதிதாகக் குடியேறிய வீட்டுச் சின்னப் பெடியன் ஒருவன் அதைப் பார்த்து "பேய்" என்று சிரித்தான். அதனால்தான் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பு எடுப்பார்கள். மாட்டுக்கு அதுவும் இல்லை. பலகைக்கு முதுகைத் தேய்த்துவிட்டு உள்ளே போகும்.

அதே இடத்தில் இன்னொரு வகைக் குறியும் இருக்கிறது. மோப்ப நாய் வெடிமருந்து வாசனைக்கு உட்காரும். வாசனை அங்கே வெடியிலிருந்தே வருகிறது, யாரும் நட்டு வைக்கவில்லை. டிடெக்டர் கத்துவதும் அப்படித்தான், ஆனால் அது பழைய ஆணிக்கும் கத்தும். தடயமும் ஏமாற்றும் என்று சொல்ல வந்தேன்.


தட்டிவான் எழுதியது:

அண்ணை, இதை முதலே எழுதியிருக்கலாம், அருமை. உங்கள் மண்டையோட்டுக் கேள்வியை அமெரிக்காவில் பெரிய அளவில் கேட்டிருக்கிறார்கள். அணுக் கழிவைப் புதைத்த இடத்தில் பத்தாயிரம் வருடம் கழித்து வருகிறவனுக்கு ஆபத்து என்று எப்படிச் சொல்வது? குறியியலாளர் தோமஸ் செபியோக் 1984இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். எந்தப் படமும் எந்த மொழியும் அவ்வளவு காலம் தாங்காது, ஆகவே செய்தியைத் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக் கொடுக்க ஒரு குருமார் பரம்பரை மாதிரி ஏதாவது வேண்டும் என்பது அவர் யோசனை. பூசையும் கதையும் உள்ள பரம்பரை. கோயில் ஐயர்மார் கவனிக்கவும், வேலைவாய்ப்பு இருக்கிறது.

ஏமாற்றும் என்றீர்களே, பொய் சொல்லப் பயன்படக்கூடிய எதுவும் குறியாகும் என்பது இத்தாலியக் குறியியலாளர் உம்பர்ட்டோ எக்கோவின் பேர்போன கருத்து. பொய்க்கு உதவாத ஒன்று மெய்க்கும் உதவாது என்பார் அவர்.


பலாக்கொட்டை எழுதியது:

ரொறொன்ரோவிலிருந்து. ஒரு சின்னச் சேர்க்கை. இங்கே ஒரு கலியாண ஹோலில் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், ஓலையில் மடித்த குருவிகளின் தலை எல்லாம் கீழே பார்த்தபடி. கட்டின பெடியன் யூரியூப் பார்த்துக் கட்டினவன். எங்கள் பக்கம் அது செத்த வீட்டுத் தோரணம், நல்ல காரியத்துக்குத் தலை மேலே பார்க்க வேண்டும். வயதான ஆட்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள், கடைசியில் ஒருவர் கதிரையில் ஏறி அவ்வளவையும் பிடுங்கினார். இளம் பிள்ளைகளுக்கு அது வெறும் அலங்காரம். ஒரே ஓலை, ஒரு பக்கத்துக்குச் சாவு, மறுபக்கத்துக்கு டெக்கரேஷன்.


திருநெறி எழுதியது:

குருவிகளின் எண்ணிக்கையிலும் மங்கலம், அமங்கலம் பார்ப்பார்கள், ஊருக்கு ஊர் சொல்வது வேறுபடும். தோரணத்துக்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.


தட்டிவான் எழுதியது:

வேலை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருகிறேன். பூவரசு ஐயாவுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன்.

ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு இரவு 8.25க்குப் போகும் ரயிலை சசூர் உதாரணம் காட்டுவார். இன்றைய எஞ்சின் வேறு, பெட்டி வேறு, ஆட்கள் வேறு. ஆனாலும் அதே ரயில் என்கிறோம். ஏனென்றால் நேர அட்டவணைக்குள் அதன் இடம் அதேதான். இடித்துத் தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டின தெருவையும் அதே தெரு என்கிறோம். யாழ்தேவியை எடுங்கள். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது, 2014 ஒக்ரோபரில் திரும்ப வந்தது. தண்டவாளம் முதற்கொண்டு புதிது. வந்த அன்று சனம் ஸ்டேசனில் கூடி நின்றது அதே யாழ்தேவியைப் பார்க்கத்தான். அப்படியென்றால் யாழ் பொது நூலகமும் அதே நூலகந்தானே? 1959இல் திறந்தது, 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின, திருத்திக் கட்டி 2003இல் திறந்தார்கள். அதே இடம், அதே பெயர், அதே சரஸ்வதி முன்னுக்கு. குறி என்ற அளவில் ஒன்றும் குறையவில்லை.


பூவரசு எழுதியது:

இதற்கு நான் உடன்பட மாட்டேன், தம்பி.

சசூர் அந்த உதாரணத்தை அத்தோடு விடவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று சொல்கிறார். என் உடுப்பு களவு போய், பழைய துணிக்கடையில் அதைக் கண்டுபிடித்தால், அது அதே உடுப்பு என்பது துணியை வைத்து, அட்டவணையை வைத்து அல்ல. அதே துணியில் அதே தையலில் இன்னொன்று தைத்தால் அது வேறு உடுப்பு. ஆகவே எல்லாப் பொருளும் ரயில் அல்ல. நூலகத்தில் எது ரயில், எது உடுப்பு என்று பிரிக்க வேண்டும். நிறுவனம் ரயில். வாசிப்பு மேசை, கந்தோர், அங்கத்துவ அட்டை எல்லாம் திரும்ப வந்தன, அதே நூலகந்தான். சுவர் உடுப்பு.

எரிந்து கிடந்த காலத்தில் அந்தச் சுவரை உள்ளே போய்ப் பார்த்தவன் நான். யன்னல் இருந்த ஓட்டைகளுக்கு மேலே கரி நாக்கு நாக்காக ஏறியிருந்தது. எந்த அறையில் நெருப்பு கூட நின்றது என்பது கரியின் உயரத்தில் தெரிந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, நெருப்பு தானே எழுதியது. அதுதான் தடயக் குறி, இன்டெக்ஸ். இன்றைய வெள்ளைக் கட்டடம் பழையதைப் போல வடிவாக இருக்கிறது, நல்ல ஐகன். எரிந்த கதையைச் சொல்லிக்கொடுப்பதால் சிம்பலாகவும் நிற்கிறது, முன்னரைவிடப் பெரிய சிம்பல். ஆனால் இன்டெக்ஸ் போய்விட்டது. இப்போது அந்த இரவை அறிய யாராவது சொல்ல வேண்டும். சொல்கிறவர் இல்லாத இடத்தில், வெள்ளைச் சுவர் எரிந்ததே இல்லை என்ற கட்சிக்கும் அதே அளவு உதவும். உங்கள் எக்கோவின் பேச்சுத்தான்.

கட்டியது பிழை என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வாசிக்க இடம் வேண்டும். குறி என்ற அளவில் ஒன்றும் குறையவில்லை என்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவும்.


ஒடியல்கூழ் எழுதியது:

இந்த ஒருமுறை பகிடி இல்லாமல். எங்கள் வீட்டு மதிலில் செல் துண்டு பட்ட ஓட்டைகள் இருந்தன. பெயின்ற் அடிக்க வந்தவர் கேட்காமலே சீமெந்து வைத்து அடைத்துவிட்டார், கூலியும் கூடக் கேட்டார். அப்பா அன்று முழுக்க அவரோடு சண்டை. "அடைச்சால் நல்லதுதானே ஐயா" என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது பூச்சு வெடித்து ஓட்டை இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தெரிகிறது.


வல்லைவெளி எழுதியது:

கூழ், பூசின இடம் தெரிவதும் தடயந்தான். நிலத்திலும் அப்படி, தோண்டி மூடின மண் கொஞ்சக் காலத்துக்கு வேறு நிறத்தில் கிடக்கும். நாங்கள் பார்த்துத் திரிந்ததே அதைத்தான்.


கச்சான்கோது எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கட்டுரையைப் பாலஸ்தாபனத்தையும் நூலகத்தையும் வைத்து எழுதப் போகிறேன். ஒன்றில் சுவர் அப்படியே இருக்கக் குறி கழன்று போகிறது, மற்றதில் சுவர் மாறியும் பெயர் நிற்கிறது. பொறுப்பாசிரியர் கோயிலை எடுத்தால் மெய்யியல் இல்லை, சமயம் என்று வெட்டுவாரோ என்று ஒரு பயம். தட்டிவான் அண்ணா, சசூரின் ரயில் பகுதி அந்தப் பாடங்களில் எந்த இடத்தில் வருகிறது?


தட்டிவான் எழுதியது:

இரண்டாம் பகுதியில், ஒருமை, மெய்மை, மதிப்பு பற்றிய அத்தியாயத்தில். உடுப்பும் அங்கேதான். ஐயாவோடு நூலகத்தில் நான் இன்னும் உடன்படவில்லை என்பதையும் அடிக்குறிப்பில் போடவும்.


பூவரசு எழுதியது:

பிள்ளை, பேர்ஸ் பொருளையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார், அதை விட்டுவிட வேண்டாம்: குறி காட்டும் அளவிலான பொருள் ஒன்று, குறிக்கு வெளியே நின்று குறியைத் தீர்மானிக்கும் பொருள் ஒன்று. திருநெறி ஐயாவுக்கும் தட்டிவானுக்கும் நடக்கும் சண்டை முழுக்க இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்பதுதான். அதை முதல் பக்கத்திலேயே வைத்தால் சமயம் என்று யாரும் வெட்ட முடியாது. அம்மம்மாவிடம் போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம், கண்டால் கதைக்க மாட்டா.